ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பின்னம் உண்மையிலேயே புரிந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்னக் கணக்கில் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் எடுக்கிறார்கள், ஆனால் வாய்விட்டுக் கேட்டால் விழிக்கிறார்கள், என்ன கேட்டால் உண்மை தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அரசுத் தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் கேள்வியில்தான் இருக்கிறது. தப்பாக யோசிக்கிற குழந்தைக்கும் சரியான விடை கிடைத்துவிடுகிற கேள்விகளைத்தான் நாம் அதிகம் கேட்கிறோம்.

“2/3, 3/4 இரண்டில் எது பெரியது?” என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியாகப் பார்க்கிற குழந்தை என்ன செய்யும்? மேலே 2-ஐ விட 3 பெரிது, கீழே 3-ஐ விட 4 பெரிது, ஆகவே 3/4 என்று எழுதும். விடை சரி, நாமும் டிக் போட்டுவிடுவோம். அதே குழந்தையிடம் 1/3, 1/5 கொடுத்தால் 1/5 பெரியது என்று சொல்லும். ஆனால் இந்த ஜோடியோடும் நிறுத்திவிடக் கூடாது. “கீழே பெரிய எண் வந்தால் பின்னம் சின்னது” என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கும் குழந்தை இதில் தப்பித்துவிடும். அதற்கு 3/8, 1/4 கொடுக்க வேண்டும். மனப்பாடத்தை மட்டும் நம்புகிற குழந்தை 1/4 என்று சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி 5/6, 7/8. “ரெண்டும் சமம் மிஸ், ரெண்டுலயும் ஒரு துண்டுதான் குறையுது” என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். விடை தப்புதான். ஆனால் முழுசுக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்களே, அது பெரிய விஷயம். குறைகிற அந்த இரண்டு துண்டும் ஒரே அளவா என்று கேட்டால் போதும், பாதிப் பேர் தாங்களே திருத்திக்கொள்வார்கள். முட்டை மதிப்பெண் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால் இந்த யோசனை நம் கண்ணில் பட்டிருக்காது.

படக் கேள்விகளிலும் இதே சிக்கல் உண்டு. சமமாகப் பிரித்து வைத்த வட்டத்தில் நிறம் போட்ட பாகம் எவ்வளவு என்று கேட்டால், குழந்தை மொத்தத் துண்டுகளை எண்ணும், நிறம் போட்டதை எண்ணும், எழுதிவிடும். எண்ணத் தெரிந்திருந்தால் போதும், பின்னம் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக ஒரு சதுரத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் மறுபடி இரண்டாக்கி, அந்தச் சின்னத் துண்டுகளில் ஒன்றுக்கு நிறம் போட்டுக் காட்டுங்கள். துண்டுகளை எண்ணுகிற குழந்தை 1/3 என்று சொல்லும். அளவைப் பார்க்கிற குழந்தை 1/4 என்று சொல்லும். தலைகீழாகவும் கேளுங்கள். ஒரு காகிதப் பட்டையைக் கையில் கொடுத்து, “இது முழு ரிப்பனில் 2/3. முழு ரிப்பன் எவ்வளவு நீளம், வரைந்து காட்டு” என்று சொல்லுங்கள். இதைச் செய்துவிட்ட குழந்தையைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை.

எண்கோட்டை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. 0 முதல் 1 வரை உள்ள கோட்டில் 3/4-ஐச் சரியாகக் குறிக்கிற பலர், கோட்டை 2 வரை நீட்டினால் ஒன்றரையில் கொண்டுபோய்க் குறிப்பார்கள். மொத்தக் கோட்டில் முக்கால் பங்கு போய்விட்டார்கள், அவ்வளவுதான். 3/4 என்பது 0-க்கும் 1-க்கும் நடுவே தனக்கென்று ஓர் இடம் உள்ள எண் என்பது அவர்கள் மனதில் இன்னும் பதியவில்லை. 5/4-ஐக் குறிக்கச் சொன்னால், “நாலு துண்டுல அஞ்சு எப்படி எடுக்கிறது?” என்று கேட்பதும் இதனால்தான்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 1978-இல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னமும் ஏறக்குறைய ஒன்று, ஆகவே விடை 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 சதவீதம்தான். மேல் எண்களைக் கூட்டி 19 என்றவர்களும், கீழ் எண்களைக் கூட்டி 21 என்றவர்களும் தனித்தனியே அதைவிட அதிகம். நான் இதையே சின்னதாக்கி, 1/2 + 1/3 என்பது ஒன்றைவிடக் கூடவா குறைவா என்று கேட்பேன். பென்சில் எடுக்கக் கூடாது. 2/5 என்று யாராவது சொன்னால், “2/5 பாதியைவிடப் பெரிசா? பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, எப்படிக் குறைஞ்சுது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு விளக்காதீர்கள்.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று தோன்றும். எல்லோரும் சிலேட்டில் எழுதி, மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். கையைத் தூக்கச் சொன்னால் வழக்கமான நாலு பேர்தான் பதில் சொல்வார்கள். பீரியட் முடியும்போது ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கேள்வி, விடையோடு “ஏன்?” என்று ஒரு வரி. அந்தச் சீட்டுகளைச் சரி, தப்பு என்று பிரிக்காமல், எழுதிய காரணத்தை வைத்துப் பிரியுங்கள். தமிழில் எழுதத் திணறுகிற குழந்தைகளை, குறிப்பாக வெளிமாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகளை, வரைந்தோ காகிதத்தை மடித்தோ காட்டச் சொல்லுங்கள். எழுத வராததைப் புரியவில்லை என்று கணக்கில் எடுத்துவிட்டால் அது பெரிய அநியாயம். காகிதத்தை மூன்று முறை பாதி பாதியாக மடித்தால் எத்தனை பாகம் வரும் என்று பிரிப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள். ஆறு என்கிற குழந்தையும் எட்டு என்கிற குழந்தையும் அங்கேயே பிரிந்து தெரிவார்கள்.

2012-13-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முப்பருவ முறை வந்தபோது நூற்றுக்கு 40 மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே குழந்தையைக் கவனித்துச் செய்யும் மதிப்பீட்டுக்கு, ஒதுக்கியது இந்த மாதிரி வேலைக்காகத்தான். அது சார்ட் ஒட்டுவதிலேயே கழிந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். என் குறிப்பேட்டில் குழந்தையின் பெயருக்கு நேராக எண் எழுத மாட்டேன். “துண்டு எண்ணுகிறாள்”, “விதி மட்டும் தெரியும்”, “முழுசு எது என்று குழம்புகிறான்” என்று எழுதி வைப்பேன். மறுநாள் யாரோடு உட்கார வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், இந்தச் சோதனையைப் பாடம் முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். பாடம் தொடங்குவதற்கு முந்தின நாளே 1/3, 1/5 ஜோடியைச் சிலேட்டில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலோர் 1/5 என்று தூக்கிக் காட்டினால், தொகுதி (மேல் எண்), பகுதி (கீழ் எண்) என்ற பேச்சையே எடுக்காமல் முதல் இரண்டு நாளும் காகிதப் பட்டைகளை மடிப்பதிலும் ஒன்றோடொன்று வைத்து ஒப்பிடுவதிலும் செலவழிக்கலாம்.