நாலாவது ஆளாகக் குடிபோன வீடு

அன்புள்ள ஆலோசகருக்கு,

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத் தொடக்கத்தில் விடுதியை விட்டு ஒரு வாடகை வீட்டில் சேர்ந்தேன். அங்கே ஏற்கெனவே இருக்கும் மூன்று பெண்களும் முதலாண்டிலிருந்தே தோழிகள். நாலாவது ஒருத்தி காலி செய்த அறைக்கு நான் வந்தேன். யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவர்கள் பேசிச் சிரிப்பதெல்லாம் போன வருடத்துக் கதை. அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதில் நான் இல்லை.

வந்த புதிதில் நல்ல பெயர் எடுக்கலாம் என்று, கிடந்த பாத்திரத்தையெல்லாம் நானே கழுவினேன், குப்பையையும் நானே வெளியே வைத்தேன். இப்போது அது என் வேலையாகவே ஆகிவிட்டது. இரவு ஒரு மணி தாண்டியும் கூடத்தில் பேச்சு ஓயாது. எனக்கோ காலை எட்டு மணிக்கு வகுப்பு. வாயைத் திறந்தால் ‘வந்ததுமே அதிகாரம் பண்ணுகிறாள்’ என்பார்களோ என்று பயம். சமையலறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் அறையை விட்டு வெளியே வருகிறேன். வேறு வீடு பார்த்துவிடலாமா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று வீட்டு வேலையும் தூக்கமும். இன்னொன்று, இவர்களுக்கு என்னைப் பிடிக்குமா என்ற கவலை. இரண்டாவதைத் தீர்க்கத்தான் முதலாவதை உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். பாத்திரம் கழுவினால் தோழியாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று மனதுக்குள் ஓர் ஒப்பந்தம். அப்படி ஒன்று இருப்பதே அந்த மூவருக்கும் தெரியாது.

நீங்கள் எவ்வளவு செய்கிறீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தம்பதிகளைத் தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலும் இருவர் பதிலையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. அவரவர் செய்தது அவரவருக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது. மற்றவர் செய்தது கண்ணில் படுவதே இல்லை. இணைய ரூட்டர் படுத்துவிட்டால் அலைவது யார், வீட்டு உரிமையாளரிடம் பேசுவது யார் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். ‘எல்லாம் நானே செய்கிறேன்’ என்று பேச்சைத் தொடங்காமல் இருக்க அது உதவும்.

சரி, எப்படிப் பேசுவது? குளிர்பெட்டியில் சீட்டு ஒட்டாதீர்கள். எழுத்தில் வரும் புகாருக்கு முகம் கிடையாது, படிப்பவரே அதற்கு ஒரு கோபக் குரலைக் கொடுத்துவிடுவார். தொட்டி நிரம்பி வழியும்போதும் வேண்டாம், நடு இரவிலும் வேண்டாம். எல்லோரும் இருக்கும் ஒரு சாதாரண மாலையில் இப்படிக் கேளுங்கள்: “பாத்திரத்தையும் குப்பையையும் முறை வைத்துச் செய்யலாமா? தினமும் என்னால் முடியவில்லை.” அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பேசி முடித்த பிறகு அடுத்தவர் முறையில் ஏதாவது கிடந்தால் கிடக்கட்டும். கை பரபரக்கும், தெரியும். ஆனாலும் தொடாதீர்கள்.

இரவுப் பேச்சை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதின்ம வயதில் உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகும். அநேகமாக இருபது வயதையொட்டித்தான் மெல்ல முன்னால் திரும்பத் தொடங்கும். அந்த வயதில் நள்ளிரவில் விழித்திருப்பவர்தான் அதிகம். (எட்டு மணிக்கு வகுப்பு வைப்பவர்கள் இதையெல்லாம் யோசிப்பதாகத் தெரியவில்லை.) ‘சத்தம் போடாதீர்கள்’ என்றால் குற்றச்சாட்டு. ‘மறுநாள் எனக்குக் காலை வகுப்பு இருந்தால், பதினொன்றுக்கு மேல் உங்கள் அறைக்குள் பேச முடியுமா?’ என்றால் ஒரு வேண்டுகோள், சம்மதிப்பது சுலபம்.

இப்போது அந்தக் கவலைக்கு வருவோம். 2018இல் எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, புதிதாகப் பேசிக்கொள்பவர்கள் தங்களை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களையும் கவனித்தார்கள். கல்வியாண்டின் பெரும்பகுதி அந்த எண்ணம் அவர்களை விட்டுப் போகவில்லை. அதனால் ‘பிடிக்கவில்லை போல’ என்ற உங்கள் ஊகத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

வாட்ஸ்அப் குழு நீங்கள் வருவதற்கு முன்பே ஆரம்பித்ததாக இருக்கலாம். அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. வாடகை, மின்கட்டணம், யார் முறை என்று பேச நால்வருக்கும் புதிதாக ஒன்றை நீங்களே தொடங்கலாம். அப்புறம், ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சமையலறைக்குப் போவதை நிறுத்துங்கள். கதவை எப்போதும் சாத்தி வைத்தால், தனிமையை விரும்புகிறவள் என்று அவர்களும் ஒதுங்கிப்போவார்கள். அந்த மூவரில் ஒருத்தியோடு பேசுவது மற்றவர்களைவிட எளிதாக இருக்கும். அவளிடமிருந்து தொடங்குங்கள். நெருக்கம் வரவில்லை என்றாலும் பரவாயில்லை, உங்கள் தோழிகள் வேறு இடத்தில் இருக்கலாம்.

வீடு மாறுவதா? இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசிப் பார்க்காத நிலையில் வேண்டாம் என்பேன். ஆனால் பேசிய பிறகு கேலி செய்தாலோ, கேட்காமல் உங்கள் பொருட்களை எடுத்தாலோ, உங்கள் சம்மதமில்லாமல் வெளியாட்களைத் தங்க வைத்தாலோ, அந்த வீட்டில் இருக்கவே பயமாக இருந்தாலோ தயங்காமல் கிளம்புங்கள். அதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலமும் முன்பணம் பற்றிய விதியும் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டால், பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவு இருந்தால் அங்கே நேரில் போய்ப் பேசுங்கள். இந்தக் கடிதத்தில் எழுதியதையே அங்கும் சொன்னால் போதும்.