ராமேஸ்வரத்துப் பழைய பத்மினிக்கு கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா?

ராமேஸ்வரத்தில் நிற்கும் உங்கள் பிரீமியர் பத்மினி காரில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில்.

காற்றின் அடர்த்தி மாறும்போது பெட்ரோல் அளவைத் தானே திருத்திக்கொள்வது இன்ஜெக்ஷனின் பெரிய பலம். கொடைக்கானல் ஏறுபவருக்கு அது வரம். மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடல் மட்டத்திலேயே ஓடும் 1089 சிசி எஞ்சினுக்குச் சரியாக ட்யூன் செய்த கார்புரேட்டரே போதும்.

இங்கே அஞ்ச வேண்டியது உப்புக்காற்றுக்கு. இன்ஜெக்ஷன் வந்தால் கணினி, சென்சார்கள், மின்சார பம்ப் எல்லாம் கூடவே வரும். கடலோரத்தில் நின்ற வண்டியின் வயர் இணைப்பு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், செம்பில் பச்சை பூத்திருக்கும். சென்சார் தப்பான அளவைச் சொல்ல அந்த மெல்லிய படலம் போதும். நடுவழியில் பாம்பனில் நின்றால், அதைக் கண்டுபிடிக்க எந்த மெக்கானிக்கை அழைப்பீர்கள்?

கார்புரேட்டருக்கும் பராமரிப்பு உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் அடியில் வெள்ளைத் தூள் படிந்து, பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். கழற்றிக் கழுவி, காற்றடித்துப் பூட்டினால் சரியாகிவிடும். பழைய ரப்பர் குழாய்களை மட்டும் எத்தனால் தாங்கும் வகைக்குக் கட்டாயம் மாற்றுங்கள். கசிந்தால் தீ விபத்துதான்.

மலைப்பயணம் அடிக்கடி உண்டென்றால் இன்ஜெக்ஷனை யோசிக்கலாம். அப்போதும் வண்டியில் மின்சாரம் தருவது பழைய டைனமோ என்றால், கணினிக்கும் பம்புக்கும் போதிய மின்சாரம் கிடைக்க முதலில் அதற்குப் பதில் ஆல்டர்னேட்டர் பொருத்துங்கள்.