ஆட்டோஃபோகஸ், மேனுவல் ஃபோகஸ்: கேமராவில் எது அதிகத் துல்லியம்?

கேள்வி கேட்டவர் தன் நிலையையும் எழுதியிருக்கிறார். கையில் இருப்பது தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா), 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு. முகத்தை நெருங்கி எடுத்தால் கண் இமை மங்கிவிடுகிறது, கன்னமும் காதோர முடியும் தெளிவாக விழுகின்றன. "தேர்ந்தவர்கள் எல்லாம் மேனுவலில்தான் எடுப்பார்கள், நீயும் மாறிவிடு" என்கிறாராம் நண்பர். மாறலாமா?

மாறாதீர்கள். கேமராவின் வியூஃபைண்டரில், அதாவது பார்க்கும் துளையில், கண்ணை வைத்து, கையால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்தால் இப்போது வருவதைவிடக் குறைவான படங்களே தெளிவாக வரும். கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இது தானாக விளங்கும்.

டிஎஸ்எல்ஆருக்குள் ஒளி மூன்று இடங்களுக்குப் போகிறது. படம் பதிவாகும் சென்சார் ஒன்று. அதற்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கும்; படம் எடுக்கும் நொடியில் அது விலகும். அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை ஊடுருவ விடும். அதன் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடி அந்த ஒளியைக் கீழே திருப்பி, கேமராவின் அடித்தளத்தில் உள்ள ஆட்டோஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். அது இரண்டாவது. மீதி ஒளி மேலே போய் ஃபோகஸிங் ஸ்கிரீனில் விழுகிறது. நீங்கள் வியூஃபைண்டரில் பார்ப்பது அந்த மூன்றாவது இடத்தை. லென்ஸிலிருந்து இந்த மூன்றுக்கும் உள்ள தூரம் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஆட்டோஃபோகஸ் இரண்டாவது இடத்தில் அளந்து, முதல் இடத்திலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறது. மேனுவலுக்கு மாறினால் நீங்கள் மூன்றாவது இடத்தைப் பார்த்து அதே நம்பிக்கையை வைக்கிறீர்கள். படம் விழும் இடத்தை இரண்டு முறையிலும் யாரும் பார்க்கவில்லை.

அந்த ஸ்கிரீனுக்கு இன்னொரு குறையும் உண்டு. இன்றைய ஸ்கிரீன்கள் பளிச்சென்று தெரிவதற்காகச் செய்யப்பட்டவை. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து வைத்தாலும், ஏறத்தாழ எஃப் 2.8-இல் தெரியும் அளவுக்குத்தான் மங்கலைக் காட்டும். உண்மையில் மங்கியிருக்கும் இடமும் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். எவ்வளவு பழகிய கண்ணாக இருந்தாலும், திரையில் இல்லாத வேறுபாட்டை அது கண்டுபிடிக்க முடியாது.

நண்பர் சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மை. 1982-இல் வந்த நிக்கான் எஃப்எம்2 போன்ற ஃபிலிம் கேமராக்களில் ஸ்கிரீன் நடுவே ஒரு வட்டம் இருக்கும். ஃபோகஸ் சரியில்லை என்றால் அதற்குள் உருவம் இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கும், சரியானதும் ஒட்டிக்கொள்ளும். வியூஃபைண்டர் பெரிது. லென்ஸ் வளையமும் நிதானமாக, நீண்ட தூரம் திரும்பும். 1985-இல் மினோல்டா 7000 வந்து ஆட்டோஃபோகஸ் பரவிய பிறகு, அந்த வெட்டு வட்டம் பெரும்பாலான கேமராக்களிலிருந்து போய்விட்டது. வளையமும் லேசாகத் தொட்டாலே ஓடுகிற மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கால மூத்தவர்களின் கைத்திறன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர்களுக்குத் துணையாக இருந்த கருவி உங்கள் கேமராவுக்குள் இல்லை.

இப்போது உங்கள் கண்–காது சிக்கல். தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர்களில் வழக்கமாக உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து 1 மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் 3 செ.மீ. முன்னால் ஒன்றரை, பின்னால் ஒன்றரை. பலரும் வியூஃபைண்டரின் நடு ஃபோகஸ் புள்ளியில் கண்ணைப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி ஃபிரேம் அமைப்பார்கள். 10 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் 1.5 செ.மீ. நகர்ந்துவிடும். கிடைத்த ஒன்றரையும் அதிலேயே தீர்ந்தது. கூடவே நின்றபடி மூச்சு விடும் உடம்பின் அசைவு இருக்கிறது. உங்கள் லென்ஸும் பாடியும் (லென்ஸ் நீங்கலான கேமரா) சேர்ந்து கொஞ்சம் பின்னால் பிடிக்கிற ஜோடியாக இருந்தால் கேட்கவே வேண்டாம், தெளிவு காதோரத்துக்குப் போய்விடும்.

அப்படிப்பட்ட ஜோடியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஓர் அட்டைப்பெட்டியில் செய்தித்தாளை ஒட்டி, கேமராவுக்கு நேராக நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து, அதன் நடுக்கோடு பெட்டியின் முகப்போடு ஒரே தளத்தில் வரும்படி பாருங்கள். கேமரா டிரைபாடில், லென்ஸ் எஃப் 1.8-இல். ஒவ்வொரு முறையும் வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிட்டு, வியூஃபைண்டர் வழியாக ஆட்டோஃபோகஸில் பத்துப் படம். பிறகு லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறையில், ஆட்டோஃபோகஸ் வைத்துப் பத்துப் படம். கடைசியாக லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் பிடித்துச் சில படம். வியூஃபைண்டர் படங்கள் எல்லாமே ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளியிருந்தால் அது சீரான விலகல், திருத்திவிடலாம். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று சிதறினால், அது அந்த ஆட்டோஃபோகஸ் சென்சார் தரக்கூடிய துல்லியத்தின் எல்லை. எந்த அமைப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சோதித்துப் பார்க்கிற பெரும்பாலோர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு லென்ஸைக் குறை சொல்கிறார்கள்.

லைவ் வியூ படங்கள் ஏன் நன்றாக வருகின்றன? அங்கே கண்ணாடி மேலே போய்விடுகிறது. படம் பதிவாகும் அதே சென்சாரில்தான் கேமராவும் அளக்கிறது, பெரிதாக்கிப் பார்க்கும் நீங்களும் பார்க்கிறீர்கள். நகராத, கோடும் நூலும் தெரிகிற ஒரு பொருளை வைத்து இந்த இரண்டு முறைகளில் எடுத்த படங்களை நான் ஒப்பிட்டால், எது கேமரா பிடித்தது, எது என் கை பிடித்தது என்று சொல்லவே முடிவதில்லை. 2013-இல் கேனான் 70டி-யில் டூயல் பிக்சல் முறை வந்தது. சென்சாருக்குள்ளேயே திசையும் தூரமும் அறியும் வழி அது. கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இப்போது அதுபோன்ற முறைகளே பரவலாக உள்ளன. அவற்றில் சீரான விலகல் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை, கண்ணையும் தானே தேடிப் பிடிக்கும். அசைகிற மனிதர்களை எடுப்பதில் அதோடு எந்தக் கையும் போட்டி போட முடியாது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் மேனுவலுக்கு இடமே இல்லையா? நிறைய இருக்கிறது, ஆனால் காரணம் வேறு. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நொடியை நினைத்துப் பாருங்கள். நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது, ஹோமப் புகை குறுக்கே வருகிறது. கேமரா மிகத் துல்லியமாக ஓர் அரிசியைப் பிடித்துவிடும். அளவு சரி, ஆள்தான் தவறு. வேடந்தாங்கலில் கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நாரையும் இப்படித்தான், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுள்ளி தெளிவாக விழும். முகூர்த்தத்துக்கு நான் செய்வது இது: கொஞ்சம் முன்னாலேயே ஆட்டோஃபோகஸில் மணமகள் முகத்தைப் பிடித்து, லென்ஸின் சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளி, எஃப் 4-இல் வைத்துவிடுவேன். அட்சதை எவ்வளவு விழுந்தாலும் லென்ஸ் நகராது. சினிமாவில் ஃபோகஸ் புல்லர் என்று ஒருவர் டேப் வைத்துத் தூரம் அளந்து வளையத்தைத் திருப்புகிறாரே, அங்கேயும் கதை எந்த நொடியில் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற முடிவு மனிதர் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

நட்சத்திரங்களுக்கு மேனுவல் கட்டாயம். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பி வைக்காதீர்கள், பல லென்ஸ்கள் அதையும் தாண்டித் திரும்பும். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை திருப்புங்கள். மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோவில் வளையத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டு கேமராவையே முன்பின் நகர்த்துவது எளிது. தெளிவான விளிம்புகளைத் திரையில் நிறத்தால் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கின் கோடுகள் எஃப் 1.8-இல் தாராளமாகவே ஒளிரும், பெரிதாக்கிப் பார்க்காமல் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது: ஆட்டோஃபோகஸிலேயே இருங்கள். நல்ல வெளிச்சத்தில், திருப்பி ஃபிரேம் அமைக்காமல், கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணின் மேல் விழும் ஓர ஃபோகஸ் புள்ளியையே தேர்ந்தெடுங்கள். எஃப் 2.8-க்கு வந்தால் அந்த 3 செ.மீ. ஏறக்குறைய 4.5 ஆகும், கண்ணிமையும் மூக்கின் ஓரமும் சேர்ந்தே கிடைக்கும். ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் லைவ் வியூவில் எடுங்கள். சோதனையில் சீரான விலகல் தெரிந்தால், மெனுவில் அதைத் திருத்தும் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் அல்லது ஃபைன் டியூன் இருக்கிறதா என்று தேடுங்கள்; பொதுவாக மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை மாற்றலாம். தொடக்க நிலை மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. அப்போது லென்ஸை மட்டும் கொடுக்காமல், பாடியையும் சேர்த்து சர்வீஸ் சென்டரில் கொடுத்து, சோதனைப் படங்களையும் காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.