ஹன்ட்ஸ்வில், சட்டனூகா, நாக்ஸ்வில், கிரீன்வில்: அமெரிக்கத் தெற்கில் குடும்பத்தோடு குடியேற எந்த ஊர் சரிவரும்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நியூ ஜெர்சியில் வாடகை கட்டி மாளவில்லை. கணவருக்கு எச்1பி வேலை விசா, உங்களுக்கு எச்4 துணைவர் விசாவில் வேலை அனுமதி, பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள், சொந்த வீடு வாங்க ஆசை. "வாழத் தகுந்த நகரங்கள்" பட்டியல்களில் இந்த நான்கு ஊரும் மாறி மாறி வருகின்றன. எதற்குப் போகலாம்?

நான் கார் உதிரிபாகத் தொழிலில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். கார் ஆலை எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் மூட்டை கட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். கிரீன்வில் பக்கம் பிஎம்டபிள்யூ, சட்டனூகாவில் ஃபோக்ஸ்வாகன், ஹன்ட்ஸ்வில்லில் மாஸ்டா டொயோட்டா. முதல் இரண்டு ஊரிலும் குடியிருந்திருக்கிறேன். ஹன்ட்ஸ்வில்லில் மச்சான் குடும்பம் இருக்கிறது. நாக்ஸ்வில் நண்பர்கள் வீட்டுக்கு அடிக்கடி போய் வருகிற ஊர்.

பட்டியல் போடுகிறவர்கள் வீட்டு விலை, பள்ளியின் தரம், ஆறு, மலை எல்லாம் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் விசாவில் இருக்கிற குடும்பம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்தப் பட்டியல்களில் வராது. அந்த ஊரில் இரண்டாவது வேலை இருக்கிறதா? கணவருக்கு இப்போது கிடைத்திருக்கும் வேலையை விடுங்கள். அது போனால் அடுத்தது எங்கே? உங்களுக்கு எங்கே? எச்1பியில் வேலை போனால் அடுத்ததைத் தேட 60 நாள்தான் அவகாசம். நியூ ஜெர்சியில் அந்த 60 நாளில் வீட்டை மாற்றாமலே ரயிலேறி இருபது நேர்முகத்துக்குப் போய்விடலாம். நடுத்தர ஊரில் உங்கள் துறையில் மொத்தம் மூன்று கம்பெனி இருந்தால் அதுவே அதிகம். அதற்குள் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருப்பீர்கள். அதனால் ஒவ்வொரு ஊரையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

ஹன்ட்ஸ்வில்லைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். 1950இல் சுமார் 16,000 பேர் இருந்த பருத்தி ஊர். அந்த வருடம்தான் ராணுவம் ஜெர்மன் ராக்கெட் விஞ்ஞானி வான் பிரௌனையும் அவருடைய குழுவையும் அங்கே கொண்டுவந்தது. 1960இல் நாசாவின் மார்ஷல் மையம் வந்தது. 2020 கணக்கெடுப்பில் 2,15,000ஐத் தாண்டி, பர்மிங்ஹாமை முந்தி அலபாமாவின் பெரிய நகரமாகிவிட்டது. 2025 செப்டம்பரில் ராணுவத்தின் விண்வெளிக் கட்டளையகத் (ஸ்பேஸ் கமாண்ட்) தலைமையகத்தையும் அங்கே மாற்றுவதாக அறிவித்தார்கள். பொறியாளர்கள் இப்படிக் குவிந்திருக்கிற ஊர் இந்த அளவில் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆனால் அந்த வேலைகள் யாருக்கு? மச்சான் வேலை தேடிய காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளம்பரங்களைப் படித்திருக்கிறேன். தகுதி, அனுபவம், மென்பொருள் எல்லாம் அவருக்கென்றே எழுதியது போல இருக்கும். கடைசி வரி: அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், பாதுகாப்பு அனுமதி பெறத் தகுதி வேண்டும். அடுத்த விளம்பரத்தைத் திறந்தால் அதிலும் அதே கடைசி வரி. ரெட்ஸ்டோன் ராணுவ வளாகமும் அதைச் சுற்றிய ஒப்பந்தக் கம்பெனிகளும்தான் ஊரின் பெரும் சம்பளம். அந்தக் கதவு விசாக்காரர்களுக்குச் சாத்தியே இருக்கிறது. கார் ஆலை, மருத்துவமனை, பல்கலைக்கழகம் என்று மிச்சம் இருப்பது சிறிய வட்டம். மச்சான் குடியுரிமை வாங்கிய பிறகு அதே ஊர் அவருக்கு வேறு ஊராகிவிட்டது. இப்போது வாரம் ஒருவராவது கூப்பிட்டு வேலை வேண்டுமா என்கிறார்களாம்.

சட்டனூகா பார்க்க அழகு, இதில் வாதமே கிடையாது. 1969இல் நாட்டிலேயே காற்று மிக அழுக்கான நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். இன்று ஆற்றங்கரையில் மீன் காட்சியகம், அதற்குப் பக்கத்தில் டென்னசி ஆற்றின் மேல் நடப்பவர்களுக்கு மட்டுமே விட்டிருக்கிற பழைய வால்நட் தெருப் பாலம், தெற்கே லுக்அவுட் மலை. ஊருக்குச் சொந்தமான மின்வாரியம் இபிபி 2010இலேயே வீட்டுக்கு வீடு ஒரு கிகாபிட் இணையம் கொடுத்துவிட்டது. ஊர் முழுக்க அப்படிக் கொடுத்ததில் அமெரிக்காவிலேயே அதுதான் முதல் ஊர். அதே ஃபைபரை வைத்து மின்கம்பி அறுந்தால் தானாகவே வேறு வழியில் மின்சாரத்தைத் திருப்பிவிடுகிற ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். புயலடித்த இரவில் பக்கத்து மாவட்டங்கள் இருண்டு கிடக்க, எங்கள் தெருவில் விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டுத் திரும்ப எரியும். வீட்டிலிருந்தே வேலை செய்ய எழுத்தில் அனுமதி உள்ளவர்களுக்கு இந்த நான்கில் இதைத்தான் சொல்வேன். எழுத்தில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எச்1பியில் வேலை செய்யும் இடம் மாறினால் மனுவையும் திருத்த வேண்டியிருக்கும். உள்ளூரில் வேலை தேடினால் இரண்டு பெரிய காப்பீட்டுக் கம்பெனிகள், ஃபோக்ஸ்வாகன், அதைச் சார்ந்த எங்களைப் போன்றவர்கள், அத்தோடு பட்டியல் மெலிந்துவிடும். அட்லாண்டா இரண்டு மணி நேரம்தானே என்பார்கள். மிஷனரி ரிட்ஜ் குன்றை வெட்டிப் போகிற ஐ-24 நெடுஞ்சாலையில் ஒரு லாரி நின்றுவிட்டால் ஊருக்குள்ளேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

நாக்ஸ்வில் ஆராய்ச்சிக்காரர்களின் ஊர். டென்னசி பல்கலைக்கழகம் ஊருக்கு நடுவில், ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் அரை மணி தூரத்தில். பல்கலைக்கழகம் போடுகிற எச்1பிக்கு வருடாந்தர உச்சவரம்பு கிடையாது, குலுக்கலும் கிடையாது. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. மற்றபடி அமெரிக்கக் கால்பந்து நடக்கிற சனிக்கிழமை ஒரு லட்சம் பேர் கொள்ளும் நேலண்ட் அரங்கத்தை நோக்கி ஊரே ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு போகும். அன்று கடைக்குப் போகாதீர்கள். ஸ்மோக்கி மலைகள் ஒரு மணி நேரம். நம் குடும்பங்கள் பெரும்பாலும் மேற்கே ஃபாரகட் பக்கம் இருக்கின்றன.

கிரீன்வில் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, கணக்கில் அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள். நகர எல்லைக்குள் எழுபதாயிரம் பேர்தான். ஆனால் கிரீர், சிம்ப்சன்வில், மால்டின், ஸ்பார்ட்டன்பர்க் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் வேலைச் சந்தை பெரிது. 1994இல் கார் தயாரிக்கத் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலையில் மட்டும் 11,000 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். டயர் கம்பெனி மிஷெலினின் வட அமெரிக்கத் தலைமையகம் இங்கேதான். ஜிஇ வெர்னோவாவின் எரிவாயு டர்பைன் ஆலை, கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் வாகன ஆராய்ச்சி மையம், இவற்றுக்கெல்லாம் உதிரிபாகம் கொடுக்கிற சின்னச் சின்ன ஜெர்மன் கம்பெனிகள். இயந்திரவியல், உற்பத்தி, தரம், பொருள் வழங்கல் என்று எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு வேலை போனால் ஐ-85 சாலையிலேயே அடுத்ததைப் பார்த்துவிடலாம். என் நண்பர்கள் சிலர் வீட்டை விற்காமலே மூன்றாவது கம்பெனியில் இருக்கிறார்கள். மென்பொருள்காரர்களுக்கு இப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் கண் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் சார்லட் மேல் இருப்பது நல்லது.

கேட்காவிட்டாலும் பர்மிங்ஹாமைச் சொல்லிவிடுகிறேன். இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் பக்கத்திலேயே கிடைத்ததால் 1871இல் தொடங்கிய எஃகு ஊர். இன்று அங்கே பெரிய முதலாளி பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகமும் (யுஏபி) அதன் மருத்துவமனையும். 1960இல் 3,40,000 பேர் இருந்த நகரத்தில் 2020இல் 2,00,000 பேர்தான். வெளியேறியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் தனித்தனி ஊர்களும் தனித்தனிப் பள்ளி நிர்வாகங்களும் வைத்துக்கொண்டார்கள். "நல்ல பள்ளி" என்று நாம் தேடிப் போகிற இடங்கள் அவைதான். அந்த வரலாறு தெரிந்து போவது நல்லது. மருத்துவத் துறை, வங்கித் துறை ஆட்களுக்கு இரண்டாவது வேலை அங்கே உண்டு.

வரியில் ஒரு விஷயம். டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சட்டனூகாவிலும் நாக்ஸ்வில்லிலும் விற்பனை வரி 9.25 சதவீதம், அரிசி பருப்புக்கே 6.25 சதவீதம். அலபாமாவில் வீட்டு வரி நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. நியூ ஜெர்சியில் வீடு வைத்திருப்பவரிடம் மச்சானின் ரசீதைக் காட்டினால் நம்ப மாட்டார். மளிகைக்கான மாநில வரியை 4 சதவீதத்திலிருந்து 2025இல் 2 வரைக்கும் இறக்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஊர் வரி தனி. கிரீன்வில் இருக்கிற சவுத் கரோலினாவில் மளிகைக்கு மாநில விற்பனை வரி இல்லை, ஆனால் வருமான வரி உண்டு, காருக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு. அங்கே வீடு வாங்கியதும் "இதில் நான்தான் குடியிருக்கிறேன்" என்று மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மதிப்பில் 4 சதவீதத்தை வைத்து வரி போடுவார்கள், கொடுக்காவிட்டால் 6 சதவீதம். அதோடு பள்ளி நடைமுறைச் செலவுக்கான வரிவிலக்கும் போய்விடும். ரசீது இரண்டு மடங்குக்கு மேல் வந்து பலர் அலறியிருக்கிறார்கள்.

சாப்பாடு, கோயில்: எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு இந்தியக் கடை உண்டு. கறிவேப்பிலை லோடு வருகிற நாளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். சட்டனூகாக்காரர்கள் அட்லாண்டாவுக்கு ஓடுவார்கள், ரிவர்டேல் பெருமாளைப் பார்த்துவிட்டு டெக்கேட்டரில் சாமான் வாங்கிக்கொண்டு இரவில் திரும்புவார்கள். ஹன்ட்ஸ்வில்லிலிருந்து நாஷ்வில் கணேசர் கோயில் இரண்டு மணி நேரம். அப்புறம், புதுப் பக்கத்து வீட்டுக்காரர் கேக்கோடு வந்து "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்பார். பகை ஒன்றும் இல்லை, நம் ஊரில் "எந்தப் பக்கம்?" என்று கேட்பது போலத்தான். இல்லை என்றாலும் அடுத்த முறையும் கேக் வரும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் யோசியுங்கள். நான்கு ஊரிலும் பஸ்ஸை நம்ப முடியாது, புறநகரில் பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. கிரீன்வில் நடுவூரில் 2004இல் கட்டிய லிபர்ட்டி பாலத்துக்குக் கீழே ரீடி ஆற்றின் அருவியையும் பூங்காவையும் என் அப்பாவுக்குப் பிடித்துப்போனது. ஆனால் அங்கே கூட்டிப்போக நான் வீட்டில் இருக்க வேண்டும்.

புயலைப் பற்றிக் கேட்காமலே இருந்தால் நானாவது சொல்ல வேண்டும். 2011 ஏப்ரல் 27 டொர்னாடோ சூறாவளிகளில் அலபாமாவில் மட்டும் 240 பேருக்கு மேல் இறந்தார்கள். மின்தடங்கள் விழுந்து ஹன்ட்ஸ்வில் பல நாள் இருட்டில் கிடந்தது. 2020 ஈஸ்டர் இரவில் சட்டனூகாவில் அடிபட்டது, நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஈஸ்ட் பிரெய்னர்ட் பகுதி. கடற்கரையிலிருந்து மூன்று மணி நேரம் உள்ளே இருக்கிற கிரீன்வில்லிலும் 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் மரங்களைச் சாய்த்து நாள்கணக்கில் மின்சாரத்தை நிறுத்தியது. பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஸ்பான் என்ற வானிலை அறிவிப்பாளர் தொலைக்காட்சியில் கோட்டைக் கழற்றினால் நிலைமை மோசம் என்று அர்த்தம், சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட், எல்லோருக்கும் ஒரு ஜோடி ஷூ, டார்ச், பாஸ்போர்ட் ஃபைல் எப்போதும் இருக்கும். சைரன் ஊதினால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவோம். இது பயமுறுத்த இல்லை, பழகிவிடும். வீடு பார்க்கும்போது ஜன்னல் இல்லாத உள்ளறை ஒன்று கீழ்த்தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கணவரின் துறையை நீங்கள் சொல்லவில்லை. உற்பத்தி சார்ந்த பொறியியல் என்றால் கிரீன்வில், யோசிக்கவே வேண்டாம். ஆராய்ச்சி என்றால் நாக்ஸ்வில். மென்பொருள் என்றால், கம்பெனி வீட்டிலிருந்தே வேலை என்று எழுதிக் கொடுத்தால் சட்டனூகா. கொடுக்காவிட்டால் இந்த நான்கும் வேண்டாம், விலை கூடினாலும் நார்த் கரோலினாவில் ராலி பக்கம் இருக்கும் கேரி என்ற ஊரைப் பாருங்கள். ஹன்ட்ஸ்வில்லைக் குடியுரிமை வரும்வரை தள்ளி வையுங்கள்.

எங்கே போனாலும் முதலில் வாடகைக்கு இருங்கள், ஒரு மார்ச்சும் ஒரு ஆகஸ்டும் கடக்கட்டும். மார்ச் கடைசியில் பைன் மகரந்தம் காரையே மஞ்சளாக்கும், பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு இருந்தால் அப்போது தெரிந்துவிடும். வாங்கும்போது வடக்கில் நீங்கள் கேள்விப்படாத இரண்டு சங்கதிகள் வரும். பல வீடுகளுக்கு அடித்தளத்துக்குப் பதில் தரைக்குக் கீழே ஆள் தவழ்ந்து போகிற அளவு இடைவெளி இருக்கும், கிரால் ஸ்பேஸ் என்பார்கள். ஈரம் ஏறுவதும் மரம் உளுத்துப்போவதும் அங்கேதான். ஆய்வாளர் உள்ளே புகுந்து எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, கரையானுக்காகப் போடுகிற டெர்மைட் பாண்ட் என்கிற ஒப்பந்தம். அது உங்கள் பெயருக்கு மாறுமா, சேதத்தைச் சரிசெய்யும் செலவும் அதில் சேருமா, மருந்தடிப்பது மட்டும்தானா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.