நுவரெலியாக் கோப்பில் மட்டும் கோடு நடுங்குவது ஏன்?

கேள்வி: வீதி, வடிகால் வரைபடங்களை உலாவியிலேயே திருத்தும் கருவியை எங்கள் ஐந்து பேர் குழு ரியாக்ட்டில் (இணையத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) செய்கிறது. மாதிரிக் கோப்பில் எல்லாம் சரி. நில அளவையாளர் தந்த நுவரெலியாக் கோப்பைப் பெரிதாக்கினால் கோடுகள் நடுங்குகின்றன. புள்ளியை இழுத்தால் திரை திக்கித் திக்கி நகர்கிறது. ஆளுக்கொரு திரையாக வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். குழுத் தலைவராக நான் எதை மாற்ற வேண்டும்?
— வாசகர், ஹட்டன்

பதில்: நடுக்கத்துக்குக் காரணம் ஆள்கூறுகள். இலங்கை நில அளவையில் பயன்படும் எஸ்எல்டி99 ஆள்கூற்றுக் கட்டத்தின் தொடக்கப் புள்ளி பீதுருதாலகால மலைப்பக்கம். அந்தப் புள்ளிக்குக் கொடுத்திருக்கும் கிழக்கு, வடக்கு மதிப்புகள் இரண்டுமே 500,000 மீற்றர். ஆகவே உங்கள் கோப்பு முழுவதும் ஆறிலக்க எண்கள். உலாவி வரையப் பயன்படுத்தும் வெப்ஜிஎல்லுக்குப் போகும் 32 பிட் தசம எண்ணில் அந்த அளவில் அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையே 3.125 சென்ரிமீற்றர் இடைவெளி. 524,288ஐத் தாண்டினால் 6.25. மாதிரிக் கோப்பு பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கும், அதனால் தெரியவில்லை.

மூல ஆள்கூறுகளை 64 பிட்டிலேயே வைத்திருங்கள். வரைபடத்தின் நடுப்புள்ளியைக் கழித்த மிச்சத்தை மட்டும் ஜிபியூவுக்கு (படம் வரையும் சில்லு) அனுப்புங்கள். ஒரு கிலோமீற்றருக்குள் இடைவெளி 0.06 மில்லிமீற்றராகச் சுருங்கும். கமராவின், அதாவது பார்வைப் புள்ளியின், இடத்தையும் அதே புள்ளியிலிருந்து கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் நடுக்கம் போகாது. சுட்டி தொட்ட இடத்தை மூல ஆள்கூறுகளில் எழுதும்போது கழித்ததைக் கூட்டுங்கள். மறந்தால் புள்ளி 700 கிலோமீற்றர் தள்ளி விழும்.

திக்கலுக்கு: சுட்டியின் ஒவ்வொரு அசைவையும் ரியாக்ட் ஸ்டேட்டில் (மாறும்போதெல்லாம் திரைப்பகுதிகளை மறுபடி கணக்கிட வைக்கும் தரவு) எழுதாதீர்கள். 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன்தான். இழுக்கும்போது கன்வாஸை (வரைபடம் வரையும் பரப்பு) மட்டும் வரைந்து, விட்டதும் ஒரே கட்டளையாகப் பதியுங்கள். அன்டூவும் (செய்ததை மீட்பது) ஒரே அழுத்தத்தில் வேலை செய்யும்.

இனிக் குழு. ஆளுக்கொரு திரை என்றால் ஆள்கூறுக்குப் பொறுப்பாளி யாருமில்லை. ஒவ்வொருவரும் தம் திரைக்குள் எண்ணை மட்டந்தட்டிக்கொள்வார்கள். இருவரை வடிவியல் பகுதிக்கு விடுங்கள். அந்தக் குறிநிரலில் ரியாக்ட் ஒரு வரிகூட வரக்கூடாது, உலாவி இல்லாமலே நோடில் (ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) ஓட வேண்டும். கன்வாஸுக்கும் சுட்டிக்கும் இருவர், பக்கப் பலகைகளுக்கு ஒருவர். கடினமான பகுதியை நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டாம். பகுதிகள் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள்.

அனுமதி பெற்று அந்த நுவரெலியாக் கோப்பையே சோதனையில் சேருங்கள். புதிய குறிநிரலைப் பொதுக் குறிநிரலோடு இணைக்கும் ஒவ்வொரு தடவைக்கும் முன்: திற, ஒரு புள்ளியை நகர்த்து, அன்டூ செய், சேமி. எந்த ஆள்கூறாவது ஒரு மில்லிமீற்றருக்கு மேல் மாறியிருந்தால் இணைக்க விடாதீர்கள்.