எல்.எல்.எம். சர்வதேசச் சட்டம், மனித உரிமை: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

சர்வதேசச் சட்டத்திலும் மனித உரிமையிலும் எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு பற்றி ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விசா, வங்கிக் கடன் என் துறையல்ல, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊட்டி: அக்கா, கோவையில் எல்.எல்.பி. கடைசி வருடம் படிக்கிறேன். கிளாட் பி.ஜி.க்கு எப்படித் தயாராவது?

இது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம். சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. 120 கேள்வி, 120 நிமிடம். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மார்க் போகும். பத்தி ஒன்றைக் கொடுத்து அதன் கீழே கேள்வி வைப்பார்கள். கைடை மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். பத்தி என்ன சொல்கிறது என்பது ஒன்று, அந்தத் தீர்ப்பு என்ன முடிவு செய்தது என்பது வேறொன்று, இரண்டையும் கேட்பார்கள். தினம் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்து, சங்கதி, எழுந்த கேள்வி, முடிவு, அதற்கான காரணம், மாறுபட்ட தீர்ப்பு இருந்தால் அது, எல்லாவற்றையும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். முதலில் அரசியலமைப்பு. தேர்வு டிசம்பரில் வரும். ஜூலையில் உட்கார்ந்தால் நேரம் போதும்.

கோத்தகிரி: ஒரு வருட எல்.எல்.எம்.மா, இரண்டு வருடமா?

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஒரு வருடம். சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம். அங்கே சர்வதேசச் சட்டமும் அமைப்புகளும் ஒரு பிரிவு, மனித உரிமைகளும் கடமைகளும் இன்னொரு பிரிவு. ஒரு வருடப் படிப்பை நிறுத்த பார் கவுன்சில் தன் 2020 விதிகளில் முயன்றது, விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது, படிப்பு இன்றும் நடக்கிறது. ஆய்வுக் கேள்வி கையில் உள்ளவருக்கு ஒரு வருடம் போதும். இல்லாதவருக்கு முதல் ஆறு மாதம் தலைப்பு தேடியே கரைந்துவிடும். அவர் இரண்டு வருடப் படிப்புக்குப் போவது நல்லது.

குன்னூர்: பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். எல்.எல்.எம். சேரலாமா?

இங்கே எல்.எல்.பி. இல்லாமல் முடியாது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்காதவர்களுக்கு மனித உரிமையில் எம்.ஏ. உண்டு. அதற்கு முன் துறை பிடிக்கிறதா என்று பார்க்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மனித உரிமைச் சான்றிதழ்ப் படிப்பு போதும்.

கூடலூர்: வேலை கிடைக்குமா மேடம்?

இதையே நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரே பதில். கல்லூரி ஆசிரியப் பணிக்கு எல்.எல்.எம்.மில் 55 சதவீதமும், நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். நெட்டில் சட்டத்துக்கு எண் 58, மனித உரிமைகளுக்கு எண் 92. ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப் செய்தால் சம்பளம் கிடையாது. ஜெனீவா செலவைக் கணக்குப் போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். உயர் நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்துகொண்டு இந்தப் படிப்பைப் பயன்படுத்துவதும் உருப்படியான வழி.

கூடலூர்: நான் பணியர் சமூகம். வெளிநாட்டில் படிக்க அரசு உதவி உண்டா?

உண்டு, தம்பி. ஒன்றிய அரசின் பழங்குடியினர் நல அமைச்சகம் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 20 பேருக்கு உதவித்தொகை தருகிறது. அதில் 3 இடம் மிகவும் நலிந்த பழங்குடியினருக்கு என்றே தனியாக இருக்கிறது. நீலகிரியின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு சமூகமும் அந்தப் பட்டியலில் உண்டு. சாதிச் சான்றிதழில் சமூகத்தின் பெயர் அரசுப் பட்டியலில் உள்ள எழுத்தோடு அப்படியே பொருந்த வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பில் நின்றுவிடும். இப்போதே ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகம் போய்த் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் படிப்பு அறிவிப்பில் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது, வருமான வரம்பு எவ்வளவு என்று இந்த ஆண்டு அறிவிப்பிலேயே பாருங்கள். தமிழ்நாடு அரசிலும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு வெளிநாட்டு உயர்கல்வி உதவித் திட்டம் இருக்கிறது. இரண்டையும் பாருங்கள், ஒன்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஊட்டி: சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறதே, அதை வைத்துக் கேஸ் போடலாமா?

கையெழுத்து வேறு, ஏற்புறுதி வேறு. ஏற்புறுதி என்றால் இதற்குக் கட்டுப்படுகிறேன் என்று நாடு முறைப்படி ஏற்பது. இந்தியா அதில் 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. ஒரு உடன்படிக்கையின் பெயரை எழுதும் முன் ஐ.நா.வின் ஒப்பந்தத் தளத்தில் நான்காம் அத்தியாயத்தைத் திறந்து, கையெழுத்திட்ட நாள், ஏற்ற நாள், கூடவே வைத்த விலக்கு (இந்தப் பிரிவு எங்களுக்குப் பொருந்தாது என்ற அறிவிப்பு) என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியா ஏற்றிருந்தாலும் அதை நேராக நீதிமன்றத்தில் நீட்ட முடியாது. உள்நாட்டுச் சட்டத்தின் வழியாகத்தான் உள்ளே வரும். பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய 1997 விசாகா தீர்ப்பில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை உச்ச நீதிமன்றம் எப்படி எடுத்தாண்டது என்று வாசியுங்கள்.

பந்தலூர்: எங்கள் தாத்தா 1972-ல் தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி வந்து டான்டீயில் (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்தவர். ‘மலையகத் தமிழ் அகதிகளின் மனித உரிமைகள்’ என்று ஆய்வுத் தலைப்பு வைக்கலாமா அக்கா?

விஷயம் நல்லது. தலைப்பு தாங்காது. உங்கள் தாத்தா அகதி இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கைப்படி அகதி என்றால் இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சித் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர். 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவர் எந்த நாட்டின் குடிமகனும் இல்லை, அதாவது நாடற்றவர். இந்தியக் குடிமகனாகப் பதிவான பிறகு தாயகம் திரும்பியவர். 1983-க்குப் பிறகு வந்து முகாம்களில் இருப்பவர்களின் சட்ட நிலை இன்னொன்று. மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் ஆய்வு வழிகாட்டி முதல் பக்கத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

குன்னூர்: எல்லாரும் விண்ணப்பம் போட்டுத்தானே வந்தார்கள்? சம்மதம் கொடுத்த பிறகு உரிமை மீறல் எங்கே வந்தது?

கோத்தகிரி: ஓட்டும் இல்லை, குடியுரிமையும் இல்லை. வேறு வழி இல்லாதவன் போடும் கையெழுத்து சம்மதமா சார்?

உங்கள் இருவரின் சண்டைதான் உண்மையான ஆய்வுக் கேள்வி. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்த நாடற்ற மலையகத் தமிழர்களைப் பற்றிச் செய்த உடன்பாட்டின் கணக்கு 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பதென்று ஒத்திவைத்தார்கள். 1974-ல் அந்த மீதியைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒப்பந்தச் சட்டத்தில் சம்மதம் என்றால் நாட்டின் சம்மதம். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவரை யாரும் கேட்க வேண்டியதில்லை. குன்னூர்க்காரர் சொல்வது விண்ணப்பப் படிவம், அது தனிமனிதரின் சம்மதம். அந்தப் பக்கம் போனால் கோத்தகிரிக்காரர் கையில் வலுவான சான்று இருக்கிறது: இந்தியாவுக்கென்று ஒதுக்கிய எண்ணிக்கையைவிடக் குறைவானவர்களே இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். எண்ணிக்கை முதலில் வந்தது, விருப்பம் பிறகுதான் கேட்கப்பட்டது.

ஆனால் கோத்தகிரிக்காரரும் ஓரிடத்தில் வழுக்குவார். ஐ.நா.வின் 1966 குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையை வைத்து 1964-ஐ எடைபோட முடியாது. அது நடைமுறைக்கு வந்ததே 1976-ல். இந்தியா சேர்ந்தது 1979, இலங்கை 1980. ஒரு செயலை அது நடந்த காலத்துச் சட்டத்தால்தான் பார்க்க வேண்டும் என்பது 1928 பால்மாஸ் தீவு வழக்கிலிருந்து வரும் விதி. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 15-ஆம் பிரிவு குடியுரிமை பற்றிப் பேசுகிறது. ஆனால் இலங்கைச் சட்டம் அமலான நாள் 1948 நவம்பர் 15, பிரகடனம் வந்த நாள் டிசம்பர் 10. இருபத்தைந்து நாள் இடைவெளி! தவிர, பிரகடனம் உடன்படிக்கையும் இல்லை. அப்படியானால் 1948-லும் 1964-லும் வழக்காற்றுச் சட்டம், அதாவது எழுதாமலே நாடுகள் வழக்கமாகக் கட்டுப்படும் விதி, என்ன சொன்னது? நாட்டோடு மெய்யான பிணைப்பு பற்றிப் பேசும் 1955 நாட்டெபோம் வழக்கு எவ்வளவு தூரம் உதவும்? அது ஒரு நாடு தன் குடிமகனுக்காக இன்னொரு நாட்டின் மேல் வழக்காடலாமா என்பதைப் பற்றியது. அதை மறந்து இழுத்தால் அறுந்துவிடும்.

பந்தலூர்த் தங்கச்சிக்குத் தலைப்பு இது: ‘1964 உடன்பாடும் நாடற்றோரின் சம்மதமும்: அக்காலச் சர்வதேசச் சட்டத்தின்படி ஓர் ஆய்வு’. உடன்பாட்டின் மூல வாசகம், இரு நாடாளுமன்ற விவாதங்கள், பிறகு மற்றவர்கள் எழுதியது என்று அந்த வரிசையிலேயே வாசியுங்கள். 1954, 1961 நாடற்றோர் உடன்படிக்கைகளில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குன்னூர்: பெஸ்ட் யுனிவர்சிட்டி எது?

உங்கள் கேள்வியில் வேலை செய்யும் ஆசிரியர் இருக்கும் இடம். அகதிகள் சட்டத்துக்கு ஒன்று, போர்ச் சட்டத்துக்கு ஜெனீவா அகாடமி என்று கேள்வியைப் பொறுத்து மாறும்.

கோத்தகிரி: செவனிங்குக்கு உடனே போடலாமா? இந்த வருடம் எல்.எல்.பி. முடிகிறது.

முடியாது. செவனிங் என்பது பிரிட்டிஷ் அரசின் உதவித்தொகை. அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்துத் திரும்பி வந்து இரண்டு வருடம் இந்தியாவில் இருக்க வேண்டும்.

ஊட்டி: வேலை வாய்ப்பு எப்படி மேடம்?

மேலே கூடலூர்க் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

பந்தலூர்: வீட்டில் தாத்தாவின் குடும்ப அட்டை இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது. ஆய்வில் சேர்க்கலாமா?

கட்டாயம் சேருங்கள். குடும்பத்தார் பெயரும் எந்த மறுவாழ்வுத் திட்டம் என்பதும் அதில் இருக்கும். உடன்பாட்டின் எண்ணிக்கை ஒரு வீட்டுக்குள் எப்படி இறங்கியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். இருபுறமும் 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், வெற்றுப் பக்கத்தையும் விடாமல். உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் எண்களையும் ஆய்வேட்டில் மறைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகிக் காகிதத்தை அரித்துவிடும். லேமினேட்டும் வேண்டாம். பந்தலூர் மழைக்கு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள்.