வினைச்சொல் இல்லாத ஆங்கிலம்

வாசகர் கடிதம்:

வணக்கம் அம்மா,

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். இப்போது இளங்கலைத் தாவரவியல் முதலாண்டு. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். சின்ன வயதிலிருந்து பார்த்துவரும் செடிகள்தான், ஆனால் செய்முறை வகுப்பில் ஒரு பூவைக் கொடுத்து விவரிக்கச் சொன்னால் வாயடைத்துப்போகிறேன். தாவரவியல் அகராதி ஒன்றை வாங்கி, நாளுக்கு ஒரு பக்கம் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ‘சி’ வருவதற்குள் ‘ஏ’ மறந்துவிடுகிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரச் சொல்கிறாள் தோழி. அந்தக் கட்டணத்தை அப்பாவிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

அப்பாவிடம் கேட்க வேண்டாம். ஸ்போக்கன் இங்கிலீஷ் நல்லதுதான், வேலைக்குப் போகும்போது உதவும். ஆனால் லான்சியோலேட், பெல்டேட், டோமென்டோஸ் எல்லாம் அங்கே வகுப்பெடுப்பவரே கேள்விப்பட்டிராத சொற்கள். லண்டனில் பிறந்த பிள்ளையும் கல்லூரிக்கு வந்துதான் இவற்றைப் படிக்கிறது. ஆங்கிலத்துக்குள் வந்து தங்கிவிட்ட லத்தீனும் கிரேக்கமும் இவை. புதிதாகக் கண்டறிந்த தாவரத்துக்குப் பெயரிடுகிறவர் அதன் விவரக்குறிப்பை லத்தீனில் எழுதியாக வேண்டும் என்ற விதி 2011 முடியும் வரை இருந்தது. 2012 ஜனவரி 1 முதல்தான் ஆங்கிலமும் செல்லும் என்றானது.

தாவர விவரிப்பில் நீங்கள் பயப்படுகிற இலக்கணமும் இல்லை. செம்பருத்தி இலையை எப்படி எழுதுவார்கள்? ‘லீவ்ஸ் சிம்பிள், ஆல்டர்னேட், ஸ்டிபுலேட், ஓவேட், செரேட்.’ அவ்வளவுதான். தனி இலை, மாற்றிலை அமைவு, இலையடிச் செதில் உண்டு, முட்டை வடிவம், விளிம்பில் ரம்பப் பல். இதில் வினைச்சொல் எங்கே இருக்கிறது? இறந்தகாலம், எதிர்காலம் எங்கே? சொல்லும் வரிசையும் மாறாது: செடியின் வளரியல்பு, தண்டு, இலை, மஞ்சரி, பூ, அதற்குள் புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம், பிறகு கனி, விதை. முப்பது செடியை விவரித்தாலும் இதே வரிசைதான்.

அகராதியை மூடி வையுங்கள். சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க அது போதும், படிப்பதற்கு ஆகாது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சொற்களை அகரவரிசை பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறது. தாவரவியல் சொற்களோ எதிரும் புதிருமாக வருபவை. ஆப்போசிட் எது என்று பார்த்தால்தான் ஆல்டர்னேட் விளங்கும். செம்பருத்தியில் கணுவுக்கு ஓர் இலை. எருக்கில் கணுவுக்கு இரண்டு, எதிரெதிரே. அரளியில் மூன்று இலைகள் கணுவைச் சுற்றி வட்டமாக நிற்கும், அது வோர்ல்டு (whorled). மூன்று செடிகளும் தெருவிலேயே கிடைக்கும்.

கீழாநெல்லியை வைத்து இன்னொன்றைப் பாருங்கள். ஒரு கிளையையும் பக்கத்தில் ஒரு வேப்பிலை ஈர்க்கையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நடுவே காம்பு, இரு பக்கமும் வரிசையாகச் சிறிய இலைகள். வேம்பில் அந்தச் சிறிய இலை ஒவ்வொன்றின் அடியிலும் தேடினால் மொட்டு இருக்காது. ஈர்க்கு கிளையோடு சேரும் மூலையில்தான் கோண மொட்டு, அதாவது ஆக்ஸிலரி பட். ஆகவே முழு ஈர்க்கும் சேர்ந்து ஓர் இலை, காம்பவுண்ட் லீஃப். அதன் துண்டுகள் லீஃப்லெட். கீழாநெல்லியைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வோர் இலையின் அடியிலும் பூவோ காயோ தொங்கும். அப்படியானால் அங்கே இருப்பது சிற்றிலை அல்ல, முழு இலை. நாம் ஈர்க்கு என்று நினைத்தது கிளை. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இந்தப் பேரினத்துக்கு ஃபில்லாந்தஸ், அதாவது ‘இலைப்பூ’ என்று எழுதிவைத்ததும் இந்தத் தோற்றத்தை ஒட்டித்தான். சிம்பிள், காம்பவுண்ட், லீஃப்லெட், ஆக்ஸிலரி பட் நான்கையும் இப்படிக் கையில் பிடித்துப் பார்த்தால் அப்புறம் மறக்காது.

இதையே முறையாகச் செய்ய ஒரு பகுதியின் செடிகளை எல்லாம் விவரிக்கும் ஃப்ளோரா என்னும் தாவரத் தொகுப்பு நூல்கள் இருக்கின்றன. தாவரவியலாளர் கேம்பிள் தொடங்கி, அவர் மறைந்த பின் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பு 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியத்தை (உலர்த்திய செடிகளின் காப்பகம்) உருவாக்கிய அருட்தந்தை கே.எம். மேத்யூ எழுதியவை நம் தலைமுறைக்கு இன்னும் பக்கத்தில் இருப்பவை. கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். செடியை அடையாளம் காண அவற்றில் வரும் திறவுகோல் ஒவ்வோர் அடியிலும் ‘இப்படியா, அப்படியா?’ என்று கேட்கும். பெயர் தெரிந்த செடியை எடுத்துக்கொண்டு, சரியான பெயரில் போய் முடிகிறீர்களா என்று பாருங்கள். வழி தவறினால் எந்தச் சொல்லில் தவறியது என்று உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், தெரிந்த சொற்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். டோமென்டோஸ் ஏமாற்றாது, தெரியாத சொல் என்று அகராதிக்குப் போவீர்கள். பெர்ஃபெக்ட் ஏமாற்றும். பெர்ஃபெக்ட் பூ என்றால் குறையற்ற அழகிய பூ அல்ல, மகரந்தத்தாளும் சூலகமும் ஒரே பூவில் இருக்கிறது என்று பொருள். என்டயர் என்றால் விளிம்பில் பல்லோ வெட்டோ இல்லை. பெர்ரி என்ற கனி வகையில் தக்காளி, கத்தரி, மிளகாய், வாழை எல்லாம் சேரும், ஸ்ட்ராபெர்ரி சேராது. தேங்காயும் நட் அல்ல, மாங்காயைப் போல உள்ளே கெட்டியான ஓடு கொண்ட ட்ரூப். சுபீரியர், இன்ஃபீரியர் சூல்பை என்பதில் உயர்வு தாழ்வு ஏதுமில்லை. கத்தரிக்காயில் பச்சைத் தொப்பியான புல்லிவட்டம் காம்புப் பக்கம் இருக்கிறது: சூல்பை அதற்கு மேலே, ஆகவே சுபீரியர். கொய்யாவில் அதே புல்லிவட்டம் காம்புக்கு எதிர் முனையில் காய்ந்துபோய் ஒட்டியிருக்கிறது: சூல்பை அதற்குக் கீழே, ஆகவே இன்ஃபீரியர். அடுத்த முறை காய்கறி நறுக்கும்போது பாருங்கள்.

தேர்வில் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய கட்டுரை விடைகளுக்கு ஆங்கில வாக்கியம் வேண்டும், அதை மறுக்கவில்லை. பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் பாடநூலின் தமிழ்ப் பதிப்பு உங்களிடம் இருக்குமே. ஆங்கிலப் பதிப்பையும் இணையத்தில் இலவசமாக இறக்கி, பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும் என்பதால் வாக்கியம் மட்டும்தான் புதிதாக இருக்கும்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. சாலையோரம் துத்தி பூத்திருக்கும், மஞ்சள் பூ. செம்பருத்தியின் குடும்பம்தான். இரண்டையும் பறித்து வந்து, இலையிலிருந்து கனி வரை வினைச்சொல் இல்லாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள். செம்பருத்தியில் புல்லிவட்டத்துக்கு வெளியே மெல்லிய பச்சைக் கீற்றுகளால் ஆன இன்னொரு வட்டம் உண்டு, அதன் பெயர் எபிகேலிக்ஸ். துத்தியில் அந்த இடத்துக்கு நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று பார்க்கிறேன்.